ஓட்டுநர் உரிமத்தை இடைநிறுத்தும் நடைமுறை: சாலைச் சோதனையிலிருந்து உரிமம் திரும்பும் வரை

பேச்சில் ‘லைசென்ஸ் சஸ்பெண்ட்’ என்கிறோம். சட்டம் அதை, உரிமம் வைத்திருக்கவும் பெறவும் ஒருவரைத் தகுதியிழக்கச் செய்வது என்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது வேறு, ஒருவரின் ஓட்டும் தகுதியைச் சட்டப்படி நிறுத்துவது வேறு. முதலாவது ஒரு நிமிட வேலை. இரண்டாவதற்குக் கோப்பு வேண்டும், அறிவிப்பு வேண்டும், விசாரணை வேண்டும், காரணம் எழுதிய ஆணை வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் சில நாடுகளில் இருப்பதுபோல் அபராதப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஏற்பாடு இல்லை. அந்த இடத்தில் சட்டம் எண்ணுவது முந்தைய குற்றங்களை. முதல் முறை என்றால் மூன்று மாதம், மறுமுறை என்றால் உரிமமே ரத்து. எண்ணிக்கை தவறினால் தண்டனையும் தவறிவிடும்.

கீழே உள்ள வரிசை, சாலையில் சோதனை செய்யும் காவல் உதவி ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமப் பிரிவைப் பார்க்கும் பணியாளர் ஆகியோருக்கானது. அறிவிப்பு கையில் வந்து நிற்கும் உரிமதாரரும் இதைப் படித்துத் தன் கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

1. எந்தப் பிரிவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

‘பிரிவு 19-இன் கீழ்’ என்று மட்டும் எழுதி அனுப்பும் கோப்புகள் ஏராளம். அது போதாது. ஒவ்வொரு வழிக்கும் அதிகாரம் உள்ளவர் வேறு, காலவரம்பு வேறு, தேவையான சான்றும் வேறு.

பிரிவு 19(1-ஏ): காவலரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ பிரிவு 206(4)-இன் கீழ் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்பியிருந்தால் இந்த வழி. முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு. இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்ட குற்றத்துக்கு உரிம ரத்து. ‘ஏழைக் குடும்பம், ஒரு மாதம் போதும்’ என்று குறைக்கவோ, ‘கொழுப்பு அதிகம், ஆறு மாதம்’ என்று கூட்டவோ இதில் இடமில்லை. குற்றம் நிறுவப்படவில்லை என்றால் உரிமதாரரை விடுவிக்கலாம், அவ்வளவுதான்.

பிரிவு 19(1): உரிமம் வழங்கும் அதிகாரி தாமே தொடங்கும் வழி. தொடர்ந்து குடிப்பவர், போதைக்கு அடிமையானவர், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு வாகனத்தைப் பயன்படுத்தியவர், முந்தைய நடத்தையால் பொதுமக்களுக்கு ஆபத்து எனத் தெரிபவர், மோசடியாக உரிமம் பெற்றவர் எனக் காரணங்கள் உட்பிரிவுகளாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. உட்பிரிவு (எஃப்), மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 21-க்குக் கொண்டுபோகும். பொதுமக்களுக்குத் தொல்லை அல்லது ஆபத்து தரும் செயல்களின் நீண்ட பட்டியல் அங்கே இருக்கிறது. இந்த வழியில் காலத்தை அதிகாரி தீர்மானிக்கலாம், ஆனால் ஏன் அத்தனை மாதம் என்று எழுத வேண்டும்.

பிரிவுகள் 20, 22: இவை நீதிமன்றத்தின் அதிகாரம். அலுவலகத்தின் வேலை அந்த ஆணையைப் பதிவு செய்து நடைமுறைப்படுத்துவது மட்டுமே.

பிரிவு 21: ஏற்கெனவே ஆபத்தாக ஓட்டியதற்காகப் பிரிவு 184-இல் தண்டனை பெற்ற ஒருவர்மீது, அதேபோல் ஓட்டி மரணமோ கொடுங்காயமோ விளைவித்ததாகக் காவல் துறை மறுபடி வழக்குப் பதிந்தால், அந்த வகை வாகனத்துக்கான உரிமம் வழக்குப் பதிந்த நாளிலிருந்து ஆறு மாதம் தானாகவே நிறுத்தப்படும். அதற்குள் விடுதலையானால் அன்றோடு முடியும். முன்தண்டனை இல்லாதவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

206(4)-இல் உள்ள பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது: 183 (வேக மீறல்), 184 (ஆபத்தாக ஓட்டுதல்), 185 (குடித்தோ போதையிலோ ஓட்டுதல்), 189 (பந்தயம்), 190 (பாதுகாப்பற்ற நிலையில் உள்ள வாகனம்), 194-சி (இருசக்கர வாகனத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள்), 194-டி (தலைக்கவசம்), 194-இ (ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாமை). 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவை 184-இன் விளக்கத்துக்குள் வந்துவிட்டன.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். சீட் பெல்ட் அணியாமை இதில் இல்லை. காப்பீடு இல்லாமையும் இல்லை. அவற்றுக்கு அபராதம் உண்டு, உரிமத்தைக் கைப்பற்ற இந்தப் பிரிவு இடம் தராது. சரக்கு வாகனத்தில் அதிகப் பாரம், சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுவது ஆகியவையும் 206(4)-இல் இல்லை. ஆனால் விதி 21-இல் உள்ளன. ஆகவே அவை 19(1)(எஃப்) வழியாகப் போக வேண்டும்.

இன்னொரு வழக்கமான பிழை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், அதிகப் பாரம், சரக்கு வாகனத்தில் ஆள், குடித்து ஓட்டுதல், கைபேசி ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தும்படி 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. பல ஆணைகளில் அந்தக் கடிதத்தையே அதிகாரமாகக் காட்டுகிறார்கள். கடிதத்தைப் ‘பார்வை’யில் (ஆணையின் தொடக்கத்தில் ஆவணங்களைக் குறிப்பிடும் பகுதியில்) குறிப்பிடலாம். ஆணை நிற்க வேண்டியது சட்டப்பிரிவின்மேல்.

2. சோதனைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

வேகத்துக்கு: வேகம் அளக்கும் கருவியின் அளவுத்திருத்தச் சான்று, அது செல்லுபடியாகும் தேதி, அந்தச் சாலைக்கான வேக வரம்பு அறிவிப்பின் நகல், வரம்பைச் சொல்லும் பலகை அங்கே இருப்பதைக் காட்டும் படம். பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தால் அன்று அந்த இடத்தில் சோதனை வேண்டாம்.

குடித்து ஓட்டியதற்கு: மூச்சுப் பரிசோதனைக் கருவி, அச்சிட்ட சீட்டு வரும் நிலையில். சட்ட வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம். இதற்குமேல் இருந்தால்தான் 185. கைது செய்தால், கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனை நடந்தாக வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட வேண்டும் என்கிறது பிரிவு 202. மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதைச் சோதனை இடம் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக: ஒப்புகைச் சீட்டுப் புத்தகம், இ-சலான் கருவி, இடமும் நேரமும் பதியும் படக்கருவி. ஒப்புகைச் சீட்டு தீர்ந்துபோனதால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பது விசாரணையில் முதல் கேள்வியாக வரும்.

3. சாலையில்: ஓட்டியவர் யார் என்பதை நிறுவுங்கள்

தகுதியிழப்பு ஓட்டியவருக்கானது. வாகனத்துக்கானதும் அல்ல, உரிமையாளருக்கானதும் அல்ல. வண்டியை நிறுத்திப் பிடித்தால் இது எளிது. உரிமத்தில் உள்ள முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டு, உரிம எண்ணை இ-சலானில் ஏற்றுங்கள். பலர் வாகனப் பதிவெண்ணை மட்டும் ஏற்றிவிட்டு உரிம எண் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். அபராதம் வசூலாகிவிடும், ஆனால் முந்தைய குற்றக் கணக்கில் அது யார்மேலும் ஏறாது.

கேமரா எடுத்த படத்தை வைத்து நடவடிக்கை எடுப்பது வேறு கதை. கேமராவுக்குத் தெரிவது பலகை எண். பதிவேட்டில் வருவது உரிமையாளர் பெயர். அவர் அன்று ஊரிலேயே இல்லாமல் இருக்கலாம். எனவே முதலில் பிரிவு 133-இன் கீழ், வண்டியை ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரங்களை உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தபிறகே உரிம நடவடிக்கை. இந்தப் படியைத் தாண்டி உரிமையாளரின் உரிமத்தை நிறுத்தினால் ஆணை நிற்காது. மின்னணுக் கண்காணிப்பில் பிடிபட்டதற்கான அறிவிப்பைக் குற்றம் நடந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் சேர்த்த விதி 167-ஏ சொல்கிறது. படங்களை நடவடிக்கை முடியும்வரை வைத்திருக்கவும் வேண்டும்.

4. உரிமத்தைக் கைப்பற்றுவதும் ஒப்புகை கொடுப்பதும்

206(4) காவலருக்குத் தருவது கைப்பற்றி அனுப்பும் அதிகாரம் மட்டும். இடைநிறுத்தும் அதிகாரம் உரிமம் வழங்கும் அதிகாரிக்கே. போக்குவரத்துக் காவல் அதிகாரி தாமே பிறப்பித்த இடைநிறுத்த ஆணையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் இதே காரணத்துக்காக ரத்து செய்தது. ‘உன் லைசென்ஸ் மூணு மாசம் சஸ்பெண்ட்’ என்று சாலையிலேயே சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘பிரிவு 19-இன் கீழ் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதுங்கள்.

ஒப்புகைச் சீட்டில் பெயர், உரிம எண், கைப்பற்றிய தேதி, நேரம், இடம், குற்றப் பிரிவு, எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்பவை இருக்க வேண்டும்.

இந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று பரவலாக நம்புகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை அந்தச் சீட்டு ஓட்டும் அனுமதி ஆகாது என்று 206(4)-இன் வரம்புரையே (பிரிவோடு சேர்த்துள்ள நிபந்தனை வாசகமே) சொல்கிறது. இதை வாயால் சொல்வதோடு சீட்டிலும் ஒரு வரியாக அச்சிடுங்கள். வண்டியை எடுத்துப்போக உரிமம் உள்ள வேறொருவரை வரவழைக்கச் சொல்வதும் இங்கேயே நடக்க வேண்டியது.

டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ உரிமத்தைக் காட்டினால்? 1.10.2020 முதல் நடப்பில் உள்ள விதித்திருத்தப்படி, மின்னணு முறையில் விவரம் சரியெனத் தெரிந்தால், கைப்பற்ற வேண்டிய குற்றமாக இருந்தாலும் அட்டையைக் கேட்கக் கூடாது. விவரத்தை மின்னணுப் பதிவில் ஏற்றி அறிக்கை அனுப்பினால் போதும். அட்டை வீட்டில் இருக்கிறது என்பதற்காக நடவடிக்கையைக் கைவிடுவதும் தவறு, அட்டையைக் கொண்டுவரும்வரை வண்டியைப் பிடித்து வைப்பதும் தவறு.

உரிமமே இல்லாதவர் பிடிபட்டால் 206(4)-க்கு வேலையில்லை, கைப்பற்ற ஒன்றுமில்லை. அவருக்குப் பிரிவு 181. வயது 18-க்குக் கீழ் என்றால் 199-ஏ, அதில் பாதுகாவலரும் வாகன உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும்.

5. ‘அபராதம் கட்டிவிட்டேன்’ என்பவருக்கு

மிக அதிகமாகக் கேட்கப்படும் வாதம் இது. பிரிவு 200-இன்படி இணக்கக் கட்டணம் (வழக்குக்குப் போகாமல் குற்றத்தை முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டினால் அந்தக் குற்றத்துக்கு மேல்நடவடிக்கை கூடாது என்பது பொது விதி. ஆனால் 2019-இல் அதற்கு இரண்டு வரம்புரைகள் சேர்ந்தன. ஒன்று, கட்டணம் கட்டி முடித்த குற்றமும் அடுத்த குற்றத்தைக் கணக்கிடும்போது முந்தைய குற்றமாகவே எண்ணப்படும். இரண்டு, கட்டணம் கட்டியது 206(4) நடவடிக்கையிலிருந்தும் புத்தாக்கப் பயிற்சியிலிருந்தும் ஒருவரை விடுவிக்காது.

தலைக்கவசத்துக்கு 1,000 ரூபாய் கட்டியவருக்கு மூன்று மாதத் தகுதியிழப்பும் உண்டு என்று 194-டி வெளிப்படையாகவே சொல்கிறது. சாலையில் பணம் வாங்கும்போது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து அறிவிப்பு அனுப்பினால், ஏமாற்றப்பட்டதாக அவர் நினைப்பதில் வியப்பில்லை.

6. அலுவலகத்துக்கு வந்த கோப்பை முதலில் சலித்தெடுங்கள்

உரிமமும் அறிக்கையும் வந்த அன்றே ந.க.எண் (கோப்பின் பதிவு எண்) போடுங்கள். பிறகு ஓட்டுநர் உரிமப் பதிவுகள் உள்ள சாரதி இணையதளத்தில் உரிம எண்ணைத் தட்டி நான்கு விஷயங்களைப் பாருங்கள்: உரிமம் உயிரோடு இருக்கிறதா, எந்தெந்த வகை வாகனங்களுக்கு, முகவரி மாறியிருக்கிறதா, முந்தைய தகுதியிழப்பு ஏதும் உண்டா. இ-சலான் பதிவிலும் அதே உரிம எண்ணைத் தேடுங்கள்.

‘முதல் குற்றமா, இரண்டாவதா’ என்பதை இங்கே முடிவு செய்துவிட வேண்டும். வாகன எண்ணை வைத்து எண்ணாதீர்கள். அதே வண்டியை அண்ணனும் தம்பியும் ஓட்டியிருப்பார்கள். அண்ணனின் குற்றம் தம்பியின் உரிமத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போன கோப்புகள் உண்டு. பெயரை வைத்தும் எண்ணாதீர்கள், உரிம எண் மட்டுமே.

முந்தைய குற்றத்தைச் சுமத்துவதென்றால் அதன் இ-சலான் எண், தேதி, பிரிவு, கட்டணம் கட்டிய விவரம் நான்கும் கோப்பில் சேர வேண்டும். இவை கிடைக்காவிட்டால் முதல் குற்றமாகவே நடத்துங்கள். ரத்து என்பது பெரிய தண்டனை, ஊகத்தில் கொடுக்கக் கூடியதல்ல.

அறிக்கையில் தேதி முரண், பிரிவு முரண், படம் இல்லாமை போன்ற குறை இருந்தால் இப்போதே திருப்பி அனுப்பித் தெளிவு கேளுங்கள். விசாரணையில் உரிமதாரர் சுட்டிக்காட்டியபின் திருத்துவது, அவருக்கு எதிராக இட்டுக்கட்டியதுபோல் தெரியும்.

7. விளக்கம் கேட்கும் அறிவிப்பு

பிரிவு 19 இரண்டு வழிகளிலும் உரிமதாரர் தரப்பைக் கேட்ட பிறகே ஆணை என்கிறது. எத்தனை ஆணைகள் மேல்முறையீட்டில் விழுந்தாலும் அதிகம் விழுவது இந்த இடத்தில்தான்.

அறிவிப்பில் இருக்க வேண்டியவை: நடந்ததாகச் சொல்லப்படும் செயல் (நாள், நேரம், இடம், வாகன எண்ணோடு), அது எந்தப் பிரிவில் குற்றம், எந்தப் பிரிவில் நடவடிக்கை எடுக்க உத்தேசம், என்ன ஆணை வரக்கூடும், எந்தச் சான்றுகளை நம்பியிருக்கிறோம், பதிலுக்கான கடைசி நாள், நேரில் வரவேண்டிய நாளும் நேரமும். சான்றுகளின் நகல்களை இணையுங்கள். ‘அலுவலகத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நகல் கொடுத்ததாகாது.

எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

“தாங்கள் மேற்கண்ட நாளில் மாலை 6.40 மணியளவில் மேற்படி சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது நிறுத்தக் கோட்டைத் தாண்டி இருசக்கர வாகனத்தை ஓட்டிச் சென்றதாக அறிக்கை வரப்பெற்றுள்ளது. இச்செயல் பிரிவு 184-இன் கீழ் குற்றமாகும். இதன்பேரில் பிரிவு 19(1-ஏ)(ஏ)-இன் கீழ்த் தங்களை மூன்று மாத காலத்துக்கு ஏன் தகுதியிழக்கச் செய்யக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இவ்வறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் அளிக்கலாம். தங்களை நேரில் விசாரிக்கும் நாள் கீழே குறிக்கப்பட்டுள்ளது.”

‘சென்றதாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘தாங்கள் குற்றம் செய்துள்ளீர்கள், எனவே தங்கள் உரிமம் நிறுத்தப்படுகிறது, விளக்கம் இருந்தால் தரவும்’ என்று எழுதினால், முடிவெடுத்துவிட்டுக் கண்துடைப்புக்குக் கேட்டதாகிவிடும்.

பதிலுக்கு எத்தனை நாள் என்று பிரிவு 19 சொல்லவில்லை. ஏழு நாளுக்குக் குறைத்தால் தபால் போவதற்கே சரியாகிவிடும். 15 நாள் கொடுப்பது பாதுகாப்பு.

சார்வு செய்ததற்கு, அதாவது அறிவிப்பை அவரிடம் சேர்ப்பித்ததற்கு, ஆதாரம் வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையொப்பம், தபாலில் என்றால் ஒப்புகை. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வந்தால் உறையைக் கிழிக்காமல் கோப்பில் வைத்து, சாரதியில் உள்ள முகவரிக்கும் கைபேசி எண்ணுக்கும் மறுபடி அனுப்புங்கள். இ-சலானில் அவரே சொன்ன முகவரி வேறாக இருந்தால் அதற்கும் ஒன்று.

8. விசாரணை

நேரில் வந்தவரிடம் மூன்று கேள்விகள் போதும். ஓட்டியது நீங்கள்தானா? நடந்தது இதுதானா? வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா? அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் வாங்குங்கள். ஏற்கெனவே தட்டச்சு செய்த ‘தவறை ஒப்புக்கொள்கிறேன்’ தாளில் கையொப்பம் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நூறு கோப்பில் நூறு பேரும் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டதாக இருந்தால் யார் நம்புவார்கள்?

உரிமதாரர் பக்கத்தில் எடுபடக்கூடிய விளக்கங்கள் சில உண்டு: அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சான்று, வண்டியை விற்று அதற்கான படிவம் கொடுத்தது, போக்குவரத்துக் காவலரே கை காட்டி அனுப்பியது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கோட்டைத் தாண்டியது. இவற்றில் எதைச் சொன்னாலும் சரிபார்த்து, ஏற்றதையோ மறுத்ததையோ ஆணையில் எழுத வேண்டும். ‘வேலை போய்விடும்’ என்பது குற்றத்தை மறுக்கும் விளக்கம் ஆகாது. ஆனால் எந்த வகை வாகனங்களுக்கு ஆணை போடுவது என்பதில் அதற்கு இடமுண்டு. அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

வராதவருக்கு இன்னொரு நாள் கொடுங்கள். இரண்டாம் முறையும் வராவிட்டால், அறிவிப்பு கிடைத்த ஆதாரத்தைக் குறிப்பிட்டு, கோப்பில் உள்ளதை வைத்து முடிவு செய்யலாம்.

9. ஆணை எழுதுவது

செயல்முறை ஆணையின் வழக்கமான அமைப்பு உங்களுக்குத் தெரியும்: முன்னிலை, ந.க.எண், நாள், பொருள், பார்வை, ஆணை. சிக்கல் ‘ஆணை’க்குக் கீழே வரும் பத்திகளில்தான். 19(1) ‘காரணங்களை எழுத்தில் பதிந்து’ என்கிறது. 19(1-ஏ) ஒரு படி மேலே போய் விரிவான காரணங்களைக் கேட்கிறது. ‘தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது. என்ன சொன்னார், அது ஏன் ஏற்கப்படவில்லை, எந்தச் சான்று அதற்கு எதிராக நிற்கிறது, மூன்றையும் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

எந்த வகை வாகனம் என்பதைச் சொல்லுங்கள். எல்லா வகைக்குமா, குறிப்பிட்ட வகைக்கு மட்டுமா என்று தேர்வு செய்யச் சட்டம் இடம் தருகிறது. பேருந்து ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் இல்லாமல் பிடிபட்டால், இருசக்கர வகைக்கு மட்டும் ஆணை போட முடியும். அப்போது உரிமத்தில் தகுதியிழப்பைக் குறித்து அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 19(2)-இன் வரம்புரை. குடித்து ஓட்டியவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்பதே சரியான அணுகுமுறை. குடித்தவர் எந்த வண்டியில் ஏறினாலும் ஆபத்து அதேதான்.

தொடக்க நாள், முடியும் நாள் இரண்டையும் எழுதுங்கள். மூன்று மாதம் என்றால் 90 நாள் அல்ல. பொது உட்கூறுகள் சட்டப்படி மாதம் என்பது நாட்காட்டி மாதம். மார்ச் 10-இல் தொடங்கினால் ஜூன் 9-இல் முடியும், 92 நாள். சாதாரண ஆண்டின் பிப்ரவரி 1-இல் தொடங்கினால் ஏப்ரல் 30-இல் முடியும், 89 நாள். 90 என்று எழுதினால் ஒருவருக்குக் குறையும், இன்னொருவருக்குக் கூடும்.

உரிமம் சாலையிலேயே கைப்பற்றப்பட்டிருந்தால் அன்று முதலே அவர் ஓட்ட முடியாதவர். ஆணை வர இரண்டு மாதம் ஆகி, அதன்பின் மூன்று மாதம் என்றால் நடைமுறையில் ஐந்து மாதமாகிவிடும். கைப்பற்றிய நாளிலிருந்தே கணக்கிடுவதாக ஆணையில் எழுதுவது நியாயம். எப்படிக் கணக்கிட்டாலும் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கடைசிப் பத்தியில், ஆணை நகல் கிடைத்த 30 நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதைப் பதவிப் பெயரோடும் முகவரியோடும் குறிப்பிடுங்கள். 30 நாள் ஆணையின் தேதியிலிருந்து அல்ல, நகல் கைக்கு வந்த நாளிலிருந்து. ஆகவே சார்வு தேதி இங்கும் உயிர்நாடி.

10. விபத்து வழக்கு: தனியாகப் பாருங்கள்

மரண விபத்து நடந்தவுடன் காவல் நிலையத்திலிருந்து உரிமமும் முதல் தகவல் அறிக்கையும் வரும். 1.7.2024 முதல் அதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகள் இருக்கும். பழைய வழக்கு என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 279, 304-ஏ. இதை வைத்து மட்டும் ‘அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்துள்ளார்’ என்று எழுதி ஆணை போடுவது பழகிப்போன வழி. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டு, முடிவு அல்ல. அதை மட்டுமே நம்பிப் பிறப்பித்த இடைநிறுத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ரத்து செய்திருக்கிறது. அவற்றில் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களின் வழக்குகள் கணிசம்.

எனவே கோப்பில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் ஆய்வறிக்கையில் பிரேக் எந்த நிலையில் இருந்தது? இடத்தின் வரைபடம் என்ன காட்டுகிறது? கண்காணிப்புக் கேமராப் பதிவு உண்டா? விபத்துக்குப் பின் பிரிவு 134 சொல்லும் கடமைகளை, அதாவது காயமுற்றவருக்கு உதவி, காவல் துறைக்குத் தகவல், ஓட்டுநர் செய்தாரா? செய்யவில்லை என்றால் அது விதி 21-இல் தனிக் காரணம், குற்ற வழக்கின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் முடிவு இந்தச் சான்றுகளிலிருந்து தானாக எழ வேண்டும்.

முன்தண்டனை உள்ளவரா என்பதையும் பார்க்க மறக்காதீர்கள். இருந்தால் பிரிவு 21 தானாகவே வேலை செய்கிறது, நீங்கள் செய்ய வேண்டியது பதிவு மட்டும்.

11. சாரதியில் பதிவு: ஆணை பிறந்த அன்றே

ஆணை கோப்பில் இருந்து, தளத்தில் ஏறாவிட்டால் சாலையில் அது இல்லை. அடுத்த சோதனையில் கைபேசியில் உரிமத்தைக் காட்டுவார், பச்சையாகத் தெரியும், விட்டுவிடுவார்கள். தகுதியிழப்பையும் ரத்தையும் தளத்தில் கால வரிசையில் பதிய வேண்டும் என்பது 2020 திருத்தத்தின் கட்டளை. தொடக்க நாள், முடியும் நாள், வாகன வகை, ந.க.எண் நான்கும் ஆணையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்னொருவர் சரிபார்க்கட்டும். வகையைத் தேர்வு செய்யாமல் ஒட்டுமொத்தமாக முடக்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அட்டை இன்னும் அவரிடம் இருந்தால் உடனே ஒப்படைக்கும்படி ஆணையிலேயே எழுதுங்கள், 19(2) அதைக் கட்டாயமாக்குகிறது. உரிமத்தை வேறு அலுவலகம் வழங்கியிருந்து, உங்கள் ஆணை அந்த உரிமத்தை ரத்து செய்வது என்றால், அந்த அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும்.

12. தகுதியிழந்த காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால்

பிரிவு 23-இன்படி ஆணைக் காலத்தில் உரிமம் செல்லாதது. ஓட்டியவருக்குப் பிரிவு 182: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தகுதியிழப்பை மறைத்து வேறு ஊரில் புது உரிமத்துக்கு விண்ணப்பித்தாலும் இதே பிரிவு. தெரிந்து வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குப் பிரிவு 180: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். வாகனத்தைப் பிரிவு 207-இல் தடுத்து வைக்கலாம்.

லாரி, வேன் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியது காப்பீடு. தகுதியிழந்தவர் ஓட்டியது என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரிவு 150 தரும் எதிர்வாதங்களில் ஒன்று. நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கத் திரும்பும்.

13. உரிமத்தைத் திருப்பித் தருவது

காலம் முடிந்ததும் உரிமம் தானாகக் கைக்கு வந்துவிடாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால் மட்டுமே திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 19(2-ஏ). அந்தப் பயிற்சி, அதற்கென உரிமம் பெற்ற நிலையத்தில் நடந்திருக்க வேண்டும். மூன்றாம் மாதக் கடைசியில் விசாரித்துப் பயிற்சி இடம் கிடைக்காமல் அலைபவர்கள் பலர். ஆணையோடு சேர்த்தே பயிற்சி பற்றிய தாளையும் கொடுத்தால் அந்த அலைச்சல் குறையும்.

சான்றிதழ் வந்ததும் அதன் எண்ணை நிலையத்தில் உறுதி செய்து, சாரதியில் முடக்கத்தை நீக்கி, ஒப்புகை வாங்கி அட்டையைக் கொடுங்கள். நீக்கப் பதிவு செய்யாமல் அட்டையை மட்டும் கொடுத்தால், அடுத்த சோதனையில் அவர் தகுதியிழந்தவராகவே தெரிவார்.

இடைப்பட்ட காலத்தில் உரிமத்தின் செல்லுபடி முடிந்திருந்தால் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். முடிந்து ஓராண்டுக்குமேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டுத் தேர்வு உண்டு.

மேல்முறையீட்டில் ஆணை ரத்தானால் பயிற்சிச் சான்று கேட்டு நிறுத்தி வைக்காதீர்கள். தகுதியிழப்பே இல்லை என்று ஆனபின் அதற்கான நிபந்தனையும் இல்லை. மேல்முறையீட்டு ஆணை அலுவலகத்துக்கு வந்த நாளை முத்திரையிட்டுப் பதிந்து, அன்றைக்கே தளத்தில் நீக்குங்கள்.